சேவலும் மரக்குடிசையும்: கென்டக்கியில் ஒரு தேர்தல் வாரம்

நாள் 1, வியாழன், நவம்பர் 2, 2023. நிக்கலஸ்வில்

சின்சினாட்டியில் காலை எட்டரைக்கு வண்டியை எடுத்தேன், ஒன்பது மணிக்கெல்லாம் ஓஹையோ ஆற்றின் மேல் இருந்தேன். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஓஹையோ, அந்தப் பக்கம் கென்டக்கி. நடுவில் இருக்கிற பிரென்ட் ஸ்பென்ஸ் பாலம் 1963-ல் திறந்த ஈரடுக்குப் பாலம், கட்டும்போது போட்ட கணக்கைப்போல இரண்டு மடங்கு வண்டி இப்போது அதில் போகிறது. 2020 நவம்பரில் ஒரு லாரி விபத்தில் தீப்பிடித்து ஆறு வாரம் மூடிக் கிடந்தது, அந்த ஆறு வாரமும் நான் வேலைக்குப் போகப் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. பக்கத்தில் புதுப் பாலம் கட்ட மத்திய அரசு 160 கோடி டாலருக்கு மேல் தருகிறது. இந்த ஜனவரியில் அதை அறிவிக்க பைடன் வந்தபோது குடியரசுக் கட்சியின் கென்டக்கி செனட்டர் மிச் மெக்கானல், அதே கட்சியைச் சேர்ந்த ஓஹையோ ஆளுநர், ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த கென்டக்கி ஆளுநர் எல்லோரும் ஒரே மேடையில் நின்றார்கள். அந்தக் கென்டக்கி ஆளுநர் ஆண்டி பெஷியர்தான் வரும் செவ்வாய்க்கிழமை மறுபடி தேர்தலில் நிற்கிறார். அதைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

இங்கே ஆளுநர் என்றால் நம்மூரில் டெல்லியிலிருந்து அனுப்பி வைக்கிற ஆளுநர் இல்லை, மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறவர், நம் கணக்குக்கு முதலமைச்சர் மாதிரி. கென்டக்கியில் இந்தத் தேர்தல் அதிபர் தேர்தலுக்கு முந்தைய ஆண்டில், ஒற்றைப்படை வருடத்தில் நடக்கும். 2020-ல் இந்த மாநிலம் டிரம்புக்கு 62 விழுக்காடு, பைடனுக்கு 36 விழுக்காடு போட்டது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு ஜனநாயகக் கட்சிக்காரர் 2019-ல் வெறும் ஐயாயிரத்துச் சொச்சம் ஓட்டில் ஜெயித்து, இப்போது இரண்டாவது முறை கேட்கிறார். எதிரே நிற்பவர் டேனியல் கேமரன், 37 வயது, மாநில அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வழக்கறிஞர்), கென்டக்கியில் மாநில அளவிலான பதவிக்குத் தனியாக நின்று ஜெயித்த முதல் கறுப்பினத்தவர், டிரம்பின் ஆதரவு பெற்றவர். கட்சிக் கணக்குப்படி பார்த்தால் கேமரன் உட்கார்ந்த இடத்திலேயே ஜெயிக்க வேண்டும். ஆனால் யாரைக் கேட்டாலும் இழுபறி என்கிறார்கள்.

எனக்கு இங்கே ஓட்டு இல்லை, கிரீன் கார்டுதான். அக்காவுக்கும் அத்தானுக்கும் இருக்கிறது. லெக்சிங்டனுக்குத் தெற்கே நிக்கலஸ்வில்லில் வீடு, ஜெஸமின் கவுண்டி. கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. அக்கா நர்ஸ், இன்று காலையே முன்கூட்டி ஓட்டுப் போடுகிற முதல் நாளில் போய்ப் போட்டுவிட்டு வந்துவிட்டாள். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாள் காரணம் சொல்லாமல் யாரும் போய்ப் போடலாம், 2021-ல் குடியரசுக் கட்சி பெரும்பான்மையுள்ள சட்டமன்றம் கொண்டுவந்து பெஷியர் கையெழுத்துப் போட்ட சட்டம் அது. யாருக்குப் போட்டாள் என்று கேட்கவே வேண்டாம். 2020-ல் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆளுநர் தொலைக்காட்சியில் வந்து அன்றைக்குக் கொரோனாவில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று சொல்கிற நேரத்தில் அவள் வார்டில் நின்றுகொண்டிருந்தாள்.

கதை அத்தானுடையது. அவர் 2015-ல் குடியுரிமை வாங்கின கையோடு குடியரசுக் கட்சி என்று பதிந்துகொண்டவர். இங்கே கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற உட்கட்சித் தேர்தலில் அந்தக் கட்சியில் பதிந்தவர்கள் மட்டும்தான் ஓட்டுப் போட முடியும், ஜெஸமின் மாதிரி இடத்தில் ஷெரீஃபிலிருந்து கவுண்டி நிர்வாகத் தலைவர்வரை எல்லாம் அந்த உட்கட்சித் தேர்தலிலேயே முடிந்துவிடும், அதனால் அதில் இல்லாதவனுக்கு ஊரில் பேச்சே இல்லை என்பது அவர் கணக்கு. அதோடு சிறு தொழில் செய்கிறவர், வரி குறைய வேண்டும் என்று மனதார நம்புகிறவர். இன்று சாப்பாட்டு மேசையில் மாதிரி வாக்குச்சீட்டை அச்செடுத்து வைத்திருந்தார். ஆறு மாநிலப் பதவிகள். ஐந்தில் பென்சிலால் லேசாகப் புள்ளி வைத்திருந்தார், ஐந்தும் குடியரசுக் கட்சி. முதல் பதவி மட்டும் வெறுமையாக இருந்தது.

“மாப்ள, நானும் உன்கூட வர்றேன். செவ்வாய்க்கிழமை வரைக்கும் யோசிக்க நேரம் இருக்கு” என்றார். அக்கா புளியோதரை கட்டிக்கொண்டிருக்கிறாள்.

நாள் 2, வெள்ளி. சாண்டி ஹுக்

64-ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே போய் மோர்ஹெட்டில் இறங்கினால் அதற்கப்புறம் எல்லாம் வளைவு. குன்று, ஓடை, ஓடையை ஒட்டி ஒரு வீடு, ஒரு புகையிலைக் கொட்டகை, மறுபடி குன்று. இலை பாதி உதிர்ந்து மீதி துருப்பிடித்த நிறத்தில் நிற்கிறது. எலியட் கவுண்டிக்குப் போக வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். இந்தக் கவுண்டி 1869-ல் உருவானது, அன்றிலிருந்து 2012 வரை ஒவ்வொரு அதிபர் தேர்தலிலும் ஜனநாயகக் கட்சிக்கே ஓட்டுப் போட்டது, ஒருமுறைகூட மாறவில்லை. ஒபாமாவுக்கு இரண்டு முறையும் போட்டார்கள். 2016-ல் டிரம்புக்கு 70 விழுக்காடு. ஆனால் வாக்காளர் பட்டியலில் இன்றைக்கும் பெரும்பான்மை ஜனநாயகக் கட்சி என்றுதான் பதிவாகியிருக்கிறது. பட்டியலில் ஒரு கட்சி, சீட்டில் இன்னொரு கட்சி. அதை எப்படி மனதுக்குள் வைத்துக்கொண்டு வாழ்கிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாளாகத் தெரிந்துகொள்ள ஆசை.

சாண்டி ஹுக் ஐந்து நிமிடத்தில் நடந்து முடிக்கக்கூடிய ஊர். பெட்ரோல் போடுகிற கடையிலேயே நாலு மேசை, காபி, பிஸ்கட், கிரேவி. மூன்று பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் உட்கார்ந்த மேசைக்குப் பக்கத்து மேசையில் இருந்தவர்தான் முதலில் பேசினார், எங்கிருந்து வருகிறீர்கள் என்று. தேர்தல் பார்க்க வந்தோம் என்றதும் சிரித்துவிட்டு நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். வயது 73. புகையிலை பயிரிட்டவர். 2004-ல் அரசு, யார் எவ்வளவு புகையிலை விற்கலாம் என்கிற பங்கீட்டை ஒழித்து இழப்பீடு கொடுத்ததோடு நிறுத்திவிட்டார்.

முதல் ஓட்டு 1968-ல் போட்டிருக்கிறார், பதினெட்டு வயதில். பெரும்பாலான மாநிலங்களில் அப்போது 21 ஆக வேண்டும், கென்டக்கியில் 1955-லிருந்தே 18. “எங்க அப்பா என்னைக் கூட்டிட்டுப் போனார். உள்ளே போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார்: சேவலைப் பார்த்துப் போடு.” சேவலா என்று அத்தான் கேட்டார். அந்தக் காலத்தில் இங்கே சீட்டில் ஜனநாயகக் கட்சிக்குச் சேவல் சின்னம், குடியரசுக் கட்சிக்கு மரக்குடிசை. எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களும் சேவலைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எனக்கு அதைக் கேட்டதும் ஊரில் என் பாட்டி சின்னம் பார்த்து ஓட்டுப் போட்டதுதான் நினைவுக்கு வந்தது, அவரிடமும் அதைச் சொன்னேன், அவருக்கு அது ரொம்பப் பிடித்துப் போனது.

அப்புறம் நான் கேட்க வந்ததைக் கேட்டேன். 2016-ல்?

கொஞ்ச நேரம் காபிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தார். டிரம்புக்குப் போட்டேன், 2020-லும் போட்டேன் என்றார். நிலக்கரி, துப்பாக்கி, சர்ச், எல்லாவற்றிலும் வாஷிங்டனில் இருக்கிற தன் கட்சி தன்னை விட்டு விலகிப் போய்விட்டது என்றார். அப்படியென்றால் பதிவை மாற்றிக்கொள்ளலாமே என்றேன். அவர் முகம் மாறிவிட்டது, கோபம் இல்லை, ஆனால் நான் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன். “அது எங்க அப்பா குடுத்தது” என்றார். ரூஸ்வெல்ட் காலத்தில் மின்சாரம் வந்ததையும் சாலை வந்ததையும் அவர் அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

2019-ல் பெஷியருக்குப் போட்டிருக்கிறார். மகள் பள்ளி ஆசிரியை. 2018-ல் அப்போதைய ஆளுநர் மேட் பெவின் காலத்தில் ஆசிரியர் ஓய்வூதியத்தில் கை வைத்த சட்டத்தைச் சாக்கடை சம்பந்தமான ஒரு மசோதாவுக்குள் நுழைத்துக் கொண்டுவந்தார்கள், மாநிலம் முழுக்க ஆசிரியர்கள் தெருவுக்கு வந்தார்கள், அந்தச் சட்டம் செல்லாது என்று அட்டர்னி ஜெனரலாக இருந்து வழக்குப் போட்டு ஜெயித்தவர் பெஷியர். “அந்தப் பையன் எங்க பொண்ணுக்காக நின்னான். அடுத்த வருஷம் டிரம்புக்குப் போடுவேன். இந்தச் செவ்வாய்க்கிழமை சேவலுக்கு” என்றார். இரண்டையும் ஒரே மூச்சில், ஒரே குரலில் சொன்னார். அவருக்கு இதில் முரண்பாடே தெரியவில்லை. வண்டியில் வரும்போது யோசிக்க யோசிக்க எனக்கும் அது மறைந்துகொண்டே வந்தது.

அத்தான் வழியெல்லாம் பேசவில்லை. ராத்திரி மோட்டலில் படுக்கும்போது, “அவருக்கு அப்பா குடுத்த கட்சி. எனக்கு யாரும் குடுக்கல, நானா எடுத்துக்கிட்டது. அதனால விடுறது சுலபம்னு நினைச்சேன், அப்படி இல்ல” என்றார்.

நாள் 3, சனி. ஹசார்ட் வழியாக வைட்ஸ்பர்க்

இன்று ஓட்டம்தான் அதிகம், எழுத நேரம் குறைவு. வெஸ்ட் லிபர்டி, சாலியர்ஸ்வில், ஹிண்ட்மன், ஹசார்ட். ஹிண்ட்மன் ஊருக்கு நடுவே ஓடுகிற ஓடைக்குப் பெயரே ‘டிரபிள்சம்’, தொல்லை தருகிற ஓடை. 2022 ஜூலை 28 விடியற்காலையில் இந்தப் பகுதி முழுக்க வெள்ளம், 45 பேர் போனார்கள். ஒன்றே கால் வருடம் ஆகியும் ஓடைக்கரை மரங்களில் ஆள் உயரத்துக்கு மேலே கிளைகளில் துணியும் பிளாஸ்டிக்கும் தொங்குகின்றன. ஒரு மரத்தில் குழந்தையின் மெத்தை விரிப்பு, மஞ்சள் பூப்போட்டது, வெளுத்துப் போய் முடிச்சு விழுந்த மாதிரி கிளையைச் சுற்றியிருந்தது. வண்டியை நிறுத்திப் பார்த்தேன். அதற்குக் கீழேயே ஒரு புது அஸ்திவாரம், தூண்கள் மேல் உயர்த்திக் கட்டுகிறார்கள்.

ஹசார்ட்டில் முன்கூட்டி ஓட்டுப் போட இன்று கடைசி நாள். வரிசையில் நின்றவர்களை வெளியிலிருந்து பார்த்தோம். சுரங்கத்தின் பிரதிபலிப்புப் பட்டை போட்ட சட்டையோடு ஒருவர், ஆக்ஸிஜன் குழாயோடு ஒரு அம்மா, கையில் கைக்குழந்தை வைத்த ஒரு பெண். பேச்சு முழுக்க பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியைப் பற்றி, தேர்தலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வைட்ஸ்பர்க்குக்கு வருகிற வழியில் ஒரு வீடு. வாசலில் பெரிய டிரம்ப் கொடி, 2024 என்று போட்டது. கொடிக் கம்பத்துக்குக் கீழே புல்வெளியில் பெஷியர் பலகை. அத்தான் வண்டியை மெதுவாக்கி, தாண்டி, திரும்பி வந்து மறுபடி பார்த்தார். வாசல் விளக்கில் பச்சை பல்பு எரிந்துகொண்டிருந்தது, பகலிலேயே. கொரோனா காலத்தில் இறந்தவர்களுக்காக வீட்டு வாசலில் பச்சை விளக்கு ஏற்றுங்கள் என்று ஆளுநர் கேட்டுக்கொண்டார், அக்கா வீட்டிலும் ஏற்றினார்கள். அந்த வீட்டில் அது அதற்காகத்தானா, அல்லது கையில் கிடைத்த பல்பா என்று கேட்க யாரும் வெளியே வரவில்லை. கதவைத் தட்டலாமா என்று அத்தானிடம் கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டார்.

நாள் 4, ஞாயிறு. வைட்ஸ்பர்க், லெச்சர் கவுண்டி

இன்று அதிகாலை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிற நாள். அது தெரியாமல் ஒரு மணி நேரம் முன்பே எழுந்து ஊருக்குள் நடந்தோம். கென்டக்கி ஆற்றின் வடகிளை ஊரை ஒட்டியே ஓடுகிறது, நான்கு எட்டில் தாண்டிவிடலாம் போல இருந்தது. அதுதான் அன்றைக்குக் கட்டடங்களுக்குள் புகுந்தது. 1969-லிருந்து இந்த மலைகளின் பாட்டையும் பேச்சையும் படம்பிடித்துச் சேர்த்து வைத்திருக்கிற ஆப்பல்ஷாப் கட்டடம் கரையிலேயே இருக்கிறது, அவர்கள் காப்பகத்திலிருந்த படச்சுருள்களும் நாடாக்களும் சேற்றில் நனைந்தன. ஒவ்வொன்றாகக் கழுவி மீட்கிற வேலை இன்னும் முடியவில்லை.

இந்த ஊருக்கு அரசியல்வாதிகள் வருவது புதிதில்லை. 1968 பிப்ரவரியில் ராபர்ட் கென்னடி பசியையும் வறுமையையும் நேரில் பார்க்க வந்து இங்கேயும் பக்கத்து ஊரான நியானிலும் நின்று பேசியிருக்கிறார். அவர் வந்தபோது இது ஜனநாயகக் கட்சி நிலம், சுரங்கத் தொழிற்சங்கத்தின் நிலம். இப்போது சங்கமும் இல்லை, சுரங்கமும் பெரும்பாலும் இல்லை, 2020-ல் டிரம்புக்கு 79 விழுக்காடு போட்ட கவுண்டி.

சர்ச் முடிந்து வந்த ஒரு தம்பதியோடு மதியம் சாப்பிட்டோம். மோட்டலில் வேலை செய்கிற பெண் அறிமுகப்படுத்தி வைத்தது, அவள் அத்தையும் மாமாவும். சூப் பீன்ஸ், சோள ரொட்டி, நறுக்கின வெங்காயம், குடிக்க ஏல்-8-ஒன், வின்செஸ்டரில் செய்கிற இஞ்சி சோடா. பீன்ஸில் பன்றித் துண்டு போட்டிருந்தது, அத்தான் ரொட்டியும் வெங்காயமும் சாப்பிட்டார், அந்த அம்மா கவனித்துவிட்டு முட்டை பொரித்துக் கொடுத்தார்.

மாமா 26 வருடம் நிலத்தடிச் சுரங்கம், இரண்டு வாக்கியம் பேசினால் ஒருமுறை இருமுகிறார். அம்மாவுக்கு வெள்ளத்தில் வீடு போனது. போனது என்றால் இடிந்து போகவில்லை, அஸ்திவாரத்தை விட்டு நகர்ந்து ரோட்டின் குறுக்கே நின்றது. எட்டு மாதம் மாநில அரசு கொண்டுவந்து நிறுத்தின டிரெய்லரில் இருந்திருக்கிறார்கள், மேற்கே மேஃபீல்டு பக்கம் 2021 டிசம்பர் சூறாவளிக்கு வாங்கினவற்றிலிருந்து இங்கே அனுப்பினது என்று அவரே சொன்னார். இப்போது மாநிலம் பழைய சுரங்கம் தோண்டிச் சமமாக்கின மேட்டு நிலங்களில் வீடு கட்டுகிறது, இனி வெள்ளம் தொடாத உயரத்தில். அதில் ஒன்றுக்கு மனுப் போட்டிருக்கிறார்கள்.

“அவர் வந்தார்” என்றார் அம்மா. யார் என்று சொல்லவில்லை. “ஒருதடவை வந்து போட்டோ எடுத்துட்டுப் போறவங்களை நாங்க நிறையப் பார்த்திருக்கோம். இவர் திரும்பி வந்தார். மறுபடி வந்தார். மூணாவது தடவை வந்தப்ப என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்.” சொல்லும்போது கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

இருவரும் பதிந்த குடியரசுக் கட்சிக்காரர்கள். பத்து வருடத்துக்கு முன்பு ஜனநாயகக் கட்சியிலிருந்து மாறினவர்கள். ஒபாமா காலத்தில் சுரங்கம் வரிசையாக மூடினபோது மாறினோம் என்றார் மாமா. 2012-ல் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலிலேயே ஒபாமாவுக்கு எதிராக ‘யாருக்கும் இல்லை’ என்பதற்கு 42 விழுக்காடு விழுந்த மாநிலம் இது, அவர்களும் அதில்தான் போட்டிருக்கிறார்கள். மாநிலம் முழுக்க அப்படி மாறி மாறி, 2022 ஜூலையில்தான் பதிவில் குடியரசுக் கட்சி முதல்முறையாக முந்தியது.

மாமாவுக்கு மனது இன்னும் ஒப்பவில்லை. பெஷியர் நல்லவர்தான், ஆனால் அவருக்குப் போடுகிற ஓட்டு பைடனுக்கும் பலம் சேர்க்காதா என்பது அவர் கவலை, தொலைக்காட்சியில் கேமரன் விளம்பரம் அதைத்தான் மணிக்கொருதரம் சொல்கிறது. அம்மா அவர் பக்கம் திரும்பி, “பைடன் நம்ம வீட்டுச் சேத்தை வாரலை. இவரும் வாரலை. ஆனா வாருறதுக்கு ஆள் அனுப்பினார்” என்றார். மாமா பதில் சொல்லவில்லை. அம்மா உள்ளே போனதும் அத்தானைப் பார்த்து, நீங்க யாருக்குப் போடப்போறீங்க என்று கேட்டார். அத்தான் சட்டைப்பையிலிருந்த மாதிரிச் சீட்டை எடுத்து விரித்துக் காட்டினார், முதல் பதவி இன்னும் வெறுமையாகவே இருந்தது. மாமா தன் பெரிய விரலை வைத்து, சீட்டின் உச்சியில் இருந்த வட்டத்தைக் காட்டினார். அது கட்சிக்கு மொத்தமாகப் போடுகிற வட்டம், ஒன்றை நிரப்பினால் கீழே எல்லாப் பதவிக்கும் அந்தக் கட்சி. “நான் எப்பவும் இதைத்தான் நிரப்புவேன். இதை நிரப்பிட்டு, கீழே ஆளுநருக்கு மட்டும் அவர் பேரை நிரப்பினா, அந்த ஒண்ணுக்கு மட்டும் அவருக்குக் கணக்காகும்னு சொல்றாங்க.” அதைச் சொல்லிவிட்டு ரொம்ப நேரம் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், கட்சியையும் விடாமல் அந்த மனுஷனையும் விடாமல் இருக்க ஒரு வழி அதில் இருக்கிறது என்கிற மாதிரி.

வருகிறபோது அம்மா ஒரு ஜாடியில் ஆப்பிள் பட்டர் கொடுத்தார். மீதமிருந்த புளியோதரையை நாங்கள் கொடுத்தோம்.

நாள் 5, திங்கள். லண்டன் வழியாக வீடு

இது இங்கிலாந்து லண்டன் இல்லை, லாரல் கவுண்டியின் தலைநகர். ஹசார்ட்டிலிருந்து மலைச்சாலையில் மேற்கே ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஆனால் அரசியலில் வேறு உலகம். உள்நாட்டுப் போரில் இந்தப் பக்கத்து மலைக்காரர்கள் லிங்கன் பக்கம் நின்றார்கள், அன்றிலிருந்து குடியரசுக் கட்சிதான். எலியட்காரர்களுக்குச் சேவல் எப்படியோ, இவர்களுக்கு மரக்குடிசை அப்படி, 160 வருடமாக.

இங்கே நடந்த பேச்சை முழுசாக எழுத வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் மூன்று நாளாக ஒரு பக்கத்து மனசையே கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். டயர் மாற்ற நிறுத்தின இடத்தில் கடைக்காரர், ஐம்பது வயதிருக்கும், ஒரு பாப்டிஸ்ட் சர்ச்சில் டீக்கன், சர்ச் வேலைகளில் பொறுப்பு வகிக்கிறவர். பெஷியரைத் தனிப்பட்ட முறையில் பிடிக்கும் என்றார். அவரும் தன் சர்ச்சில் டீக்கன், சூறாவளிக்கும் வெள்ளத்துக்கும் நன்றாகவே வேலை பார்த்தார் என்று தானாகவே சொன்னார். ஆனால் ஓட்டு இல்லை.

ஏன் என்று கேட்டதற்கு 2020 ஈஸ்டரைச் சொன்னார். கூட்டம் கூடக் கூடாது என்ற ஆணையை மீறி ஆராதனை நடத்தின புல்லிட் கவுண்டி சர்ச் ஒன்றின் வாசலில், மாநிலப் போலீஸ் கார் கார் ஆகப் போய் நம்பர் பலகையைக் குறித்துக்கொண்டார்கள். பிறகு நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்தி வைத்தது. “என் கார் அங்கே இல்லை. ஆனா என் காரா இருந்திருக்கலாம்.” அப்புறம் கருக்கலைப்பு. பெஷியரின் விளம்பரத்தில், பன்னிரண்டு வயதில் வளர்ப்புத் தந்தையால் சிதைக்கப்பட்ட ஒரு பெண் நேராக கேமராவைப் பார்த்துப் பேசுகிறாள், கருக்கலைப்பைத் தடைசெய்கிற மாநிலச் சட்டத்தில் அப்படிப்பட்ட குழந்தைக்குக்கூட விலக்கு இல்லை என்று. மாநிலமே அதைப் பற்றித்தான் பேசுகிறது. அதைப் பார்த்து அழுதேன் என்றார் இவர். அழுதபிறகும் இது என் நம்பிக்கை, இதை ஒரு விளம்பரத்துக்காக மாற்ற முடியாது என்றார். கட்சி சொன்னதால் அல்ல, இந்தக் கட்சி தான் நம்புவதைச் சொல்வதால்தான் அதில் இருக்கிறேன் என்றார். நான் அவரோடு ஒத்துப்போகவில்லை, அந்தப் பெண் சொன்னதற்குப் பிறகு எனக்கு இதில் இரண்டாவது கருத்து இல்லை. ஆனாலும் அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவர் இல்லை, அவரும் எடைபோட்டுத்தான் வந்திருக்கிறார்.

அத்தான் ஒரு கேள்வி கேட்டார்: சட்டமன்றத்தில் இரண்டு அவையும் உங்கள் கட்சி கையில் அமோகமாக இருக்கிறது, ஆளுநர் எதை மறுத்தாலும் சாதாரணப் பெரும்பான்மையிலேயே தள்ளிவிட்டு நிறைவேற்றிவிடுகிறார்கள், அப்படியிருக்க ஆளுநர் யாராக இருந்தால் என்ன? கடைக்காரர் டயர் போல்ட்டை முடுக்கிக்கொண்டே, “அப்ப நீங்க அவருக்குப் போட்டா ஒண்ணும் கெட்டுப்போகாதுன்னு உங்களுக்கே சமாதானம் சொல்லிக்கிறீங்க” என்றார். அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தபிறகு அக்காவிடம் அதையே இரண்டு முறை சொன்னார்.

நாள் 6, செவ்வாய், நவம்பர் 7. நிக்கலஸ்வில்

காலை ஆறு மணிக்குத் திறந்து மாலை ஆறுக்கு மூடுகிறார்கள். ஏழு மணிக்குப் போனோம். நான் வெளியே வண்டியிலேயே இருந்தேன். பன்னிரண்டு நிமிடம். வெளியே வந்து சட்டையில் ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு, வண்டியில் ஏறி, கதவைச் சாத்தி, பெல்ட் போட்டு, சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார்.

“மேலே இருக்கிற வட்டத்தை விட்டுட்டேன். ஒவ்வொண்ணா நிரப்பினேன். அஞ்சு நம்ம கட்சி.”

ஆறாவது?

“அந்த டயர்க்காரர் சொன்னது சரிதான். ஒண்ணும் கெட்டுப்போகாதுன்னு போட்டா அது ஓட்டே இல்ல. அதனால அந்த நினைப்பை ஒதுக்கிட்டு, இந்த ஆள்தான் வேணுமான்னு மட்டும் கேட்டுக்கிட்டேன். நீங்க எல்லாரும் நைட்டு ஷிஃப்ட்ல இருந்தப்ப நான் ரெண்டு பிள்ளையையும் வச்சுக்கிட்டு தினம் அஞ்சு மணிக்கு டிவி முன்னாடி உட்கார்ந்திருந்தேன் மாப்ள. அவர் பேசி முடிக்கிற வரைக்கும்தான் எனக்கு மூச்சு சரியா வரும்.” பேனாவால் வட்டத்தை நிரப்பும்போது கை நடுங்கியதாகவும், கோடு வெளியே போய்விட்டதோ என்று சீட்டை இயந்திரத்தில் விடும்வரை பயமாக இருந்ததாகவும் சொன்னார். இயந்திரம் வாங்கிக்கொண்டது.

இந்த நான்கு வருடத்தில் அந்த ஐந்து மணியைப் பற்றி அவர் அக்காவிடம்கூடப் பேசியதில்லை. மதியம் நான் சொன்னபோது அக்கா துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள், மடித்ததையே எடுத்து மறுபடி மடித்தாள்.

இரவு கென்டக்கி பொதுத் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தோம். மாநிலத்தின் மேற்குப் பாதி ஒரு மணி நேரம் பின்னால் இருப்பதால் ஏழு மணிவரை எல்லா வாக்குச்சாவடியும் மூடாது. லெக்சிங்டனும் லூயிவில்லும் பெஷியருக்கு வரும் என்பது தெரிந்ததுதான். லூயிவில்லில் அதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு: 2020 மார்ச்சில் போலீஸ் வீட்டுக்குள் புகுந்து சுட்டுக் கொன்ற பிரியோனா டெய்லர் வழக்கில், அந்தச் சாவுக்காக யார்மீதும் குற்றம் சாட்டாமல் முடித்தது கேமரனின் அலுவலகம், அதை அந்த ஊர் மறக்கவில்லை. நாங்கள் காத்திருந்தது மலைப்பக்கத்து எண்களுக்கு. பெரி கவுண்டி வந்தது, பெஷியர் முன்னால். ஹசார்ட் வரிசை ஞாபகம் வந்தது. லெச்சர் வந்தபோது அத்தான் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்று படித்தார். பெஷியர். ஒன்பது மணி வாக்கில் தேர்தல் முடிந்துவிட்டது என்று அறிவித்துவிட்டார்கள்.

நாள் 7, புதன். சின்சினாட்டி

பெஷியருக்கு 52.5 விழுக்காடு, கேமரனுக்கு 47.5. வித்தியாசம் ஏறத்தாழ 67,000 ஓட்டு. போன முறை ஐயாயிரம். எலியட்டும் சேவலோடு நின்றது, லாரல் மரக்குடிசையோடு.

அதே சீட்டில் இருந்த மற்ற ஐந்து பதவிகளும் குடியரசுக் கட்சிக்கு. மாநிலச் செயலர் மைக்கேல் ஆடம்ஸ், தேர்தலை நடத்துகிறவர், சுமார் 60 விழுக்காடு வாங்கி, பெஷியரைவிட அதிக ஓட்டோடு வந்திருக்கிறார். ஒரே சீட்டில் ஆடம்ஸையும் பெஷியரையும் சேர்த்து நிரப்பினவர்கள் இல்லாமல் இந்த எண் வராது. எண்ணிக்கைத் தாளில் அது இரண்டு வரி. எனக்கு அது காபிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்த கை, உச்சி வட்டத்தில் வைத்த பெரிய விரல்.

லெச்சர் மாமா கடைசியில் என்ன செய்தார் என்று கேட்க மோட்டல் பெண்ணைக் கூப்பிட்டேன். அவர் யாரிடமும் சொல்லவில்லையாம், அத்தையிடமும் இல்லை. ஓட்டுப் போட்டுவிட்டு நேராக மேட்டில் வீடு கட்டுகிற இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம்.

கிளம்பும்போது அத்தான் ஆப்பிள் பட்டரைப் பாதி எனக்கு வேறு டப்பாவில் மாற்றிக் கொடுத்தார். கட்சி மாற்றிப் பதிய வேண்டுமென்றால் டிசம்பர் 31-க்குள் செய்ய வேண்டும், அப்போதுதான் அடுத்த மே மாத உட்கட்சித் தேர்தலில் ஓட்டு. அதை நினைவுபடுத்தினேன்.

“எதுக்கு மாத்தணும்?” என்றார். “மே மாசம் எங்க கட்சியில நல்ல ஆளா நிக்கணும்ல. அதுக்கு நான் உள்ள இருந்தாத்தானே போட முடியும்.”

அக்கா வாசல் வரை வந்தாள். பச்சை பல்பு இன்னும் மாட்டியே இருக்கிறது, சுவிட்சைப் போட்டுப் பார்த்தாள், எரிந்தது.